ஸ்குவாஷ் ஆடினால் ஃபீஸ் இலவசமா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தேசிய அளவில் ஜூனியர் ஸ்குவாஷ் ஆடுகிறாள். ஹார்வர்ட், பிரின்ஸ்டனில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன், 18 லட்சம் கொடுங்கள் என்கிறார் ஒரு ஏஜென்ட். எங்கள் ஆண்டு வருமானம் 24 லட்சம். செங்கல்பட்டு மனையை விற்றுக் கொடுத்துவிடலாமா?

பதில்: விற்காதீர்கள். அவர் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஸ்காலர்ஷிப்பே அங்கே கிடையாது. ஹார்வர்ட், பிரின்ஸ்டன் அடங்கிய ஐவி லீக் என்ற குழுவின் 8 பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்காகப் பணம் தருவதில்லை என்று 1954-லேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டவை.

ஸ்குவாஷால் கிடைப்பது சீட்டுக்கான சிபாரிசு. தனக்கு வேண்டிய ஆட்டக்காரர்களின் பெயர்களை கோச் அட்மிஷன் அலுவலகத்துக்குக் கொடுப்பார். நூறு பேர் விண்ணப்பித்தால் நான்கைந்து பேருக்கே இடம் கிடைக்கும் கல்லூரிகளில் இது சாதாரண விஷயமில்லை. ஆனால் ஃபீஸைத் தீர்மானிப்பது உங்கள் வருமானமும் சொத்தும்தான்.

அந்தக் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. 24 லட்சம் என்பது 30,000 டாலருக்கும் கீழே. ஹார்வர்டில் ஓர் ஆண்டுச் செலவு சுமார் 87,000 டாலர். ஆனால் 2025-26 முதல், வருமானம் 1 லட்சம் டாலருக்குள் இருந்து, சொத்தும் அதற்கேற்ற அளவில் இருந்தால் பெற்றோர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கும் இதே முறைதான். மனையை மறைக்காமல் காட்டுங்கள். இன்னொரு நிம்மதி: முழங்காலில் அடிபட்டு அவள் ஆட்டத்தையே விட்டாலும் இந்த உதவி நிற்காது.

எல்லா இடமும் இப்படியில்லை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், டார்ட்மத், பிரௌன் ஐந்தும் வெளிநாட்டு மாணவர் நிதி உதவி கேட்கிறாரா என்பதை சீட் கொடுக்கும்போது பார்ப்பதில்லை. கொலம்பியா, பென் (பென்சில்வேனியா), கார்னெல் பார்க்கும்.

அப்புறம் அந்த ஏஜென்ட். கோச்சுக்கு மெயில் அனுப்பக் காசு வேண்டாம். ஆட்ட வீடியோ, போட்டி முடிவுகள், மார்க் ஷீட் மூன்றையும் உங்கள் மகளே அனுப்பட்டும். பெற்றோர் எழுதுவதை விட அதுதான் எடுபடும். "சீட் உறுதி" என்று யாராவது பணம் கேட்டால் 2019-ல் வெடித்த ரிக் சிங்கர் வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடவே ஆடாத பிள்ளைகளை ஆட்டக்காரர்களாகக் காட்டி, கோச்சுகளுக்கு லஞ்சம் கொடுத்த கும்பல் அது. பணம் கொடுத்த பெற்றோரும் சிறைக்குப் போனார்கள்.

செலவு செய்தே ஆக வேண்டும் என்றால், டிசம்பரில் பிலடெல்பியாவில் நடக்கும் யுஎஸ் ஜூனியர் ஓப்பனுக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். கல்லூரி கோச்சுகள் ஆள் தேடி வரும் இடம் அது. மீதியைப் படிப்பில் போடுங்கள். பதினோராம் வகுப்பு மதிப்பெண்ணும் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வும் சரியில்லை என்றால் எந்த கோச்சாலும் காப்பாற்ற முடியாது.

ஒரு கோச் ஆர்வம் காட்டினால், நிதி உதவி எவ்வளவு வரும் என்று முன்மதிப்பீடு வாங்கித் தரச் சொல்லி நேரடியாகக் கேளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம், வழக்கமாகக் கேட்பதுதான். அவர் வாயால் சொல்லும் சீட்டை நம்பி மற்ற கல்லூரிகளை விட்டுவிடாதீர்கள். சீட் பெரும்பாலும் கிடைக்கும் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லும் லைக்லி லெட்டர் அட்மிஷன் அலுவலகத்திலிருந்து வர அக்டோபராவது ஆகும். நீங்கள் கட்ட வேண்டிய தொகை கைக்கு வந்த பிறகு, தேவைப்பட்டால் மனையைப் பற்றிப் பேசலாம்.