கொசு ஏன் என்னை மட்டும் கடிக்கிறது? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் முத்தியால்பேட்டையில் வசிக்கிறேன். மாலையில் மாமியார், கணவர், மகன், நான் என்று நால்வரும் மொட்டை மாடியில் உட்காருவோம். கடிபடுவது நான் மட்டும்தான். மாமியார், "உனக்கு இனிப்பு ரத்தம்" என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகன், "கொசு ஓ குரூப் ரத்தத்தைத்தான் தேடும்" என்கிறான். எனக்கோ பி பாசிட்டிவ். நீங்கள் போன மாதம், தோலின் வாசனை காரணமாக இருக்கலாம் என்று எழுதினீர்கள். பீர் குடிப்பவர்களைக் கடிக்கும் என்று எங்கோ படித்தேன். நான் பீரும் குடிப்பதில்லை. எல்லோரும் "ஆய்வில் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்றே ஆரம்பிக்கிறீர்கள். எந்த ஆய்வை நம்புவது? உங்கள் கட்டுரையில் "இருக்கலாம்" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினேன், பதினொன்று. ஒரே வரியில் பதில் சொல்லக் கூடாதா?

இன்னொன்று. பாண்டியில் ஆராய்ச்சிக்காரர்கள் கொசு வளர்த்து வெளியே விடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு கொசு என்று எங்கள் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா?

ஒரு வாசகி, புதுச்சேரி

*

அன்புள்ள சகோதரிக்கு,

பதினொன்று இல்லை, பன்னிரண்டு. தலைப்பில் இருந்ததை விட்டுவிட்டீர்கள்.

ஒரே வரிப் பதில் இது: உங்கள் தோலின் வாசனை கொசுவுக்குப் பிடித்திருக்கிறது, அல்லது நீங்கள் உட்காரும் இடம் பிடித்திருக்கிறது. நடுவில் உள்ள அந்த "அல்லது"க்காகத்தான் மீதிக் கடிதம்.

முதலில் உங்கள் மகனின் விஷயம். அதில் எனக்கும் பங்கு உண்டு. கடலூரில் விலங்கியல் ஆசிரியராக இருந்த காலத்தில் ஓ குரூப் கதையை நானும் வகுப்பு வகுப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஓ குரூப் பிள்ளைகள் ஏதோ பரிசு வாங்கியதுபோல் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பார்கள். மூல ஆய்வைத் தேடிப் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது ஜப்பானில் செய்து 2004இல் வெளியான ஆய்வு. கொசுக்களின் உறிஞ்சுகுழலை வெட்டிவிட்டு, கடிக்க முடியாத அந்தக் கொசுக்கள் யார் கைமேல் அதிகம் போய் உட்காருகின்றன என்று எண்ணினார்கள். ஓ குரூப்காரர்கள்மேல் கூடுதலாகத்தான் உட்கார்ந்தன. ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் தெரிந்தது ஓ குரூப்புக்கும் ஏ குரூப்புக்கும் நடுவில் மட்டும். பி குரூப்பான உங்களைப் பற்றி அந்த ஆய்வு பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. மகனிடம் சொல்லுங்கள், கோபமில்லாமல். இந்த வயதில் என்னைத் திருத்த ஆளில்லை, அவனைத் திருத்த நீங்கள் இருக்கிறீர்கள்.

மாமியாரின் இனிப்பு ரத்தமும் நிற்காது. கொசுவுக்கு இனிப்பு பிடிக்கும் என்பது உண்மை. ஆணும் பெண்ணும் பூவின் தேனைக் குடித்துத்தான் உயிர் வாழ்கின்றன. ரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டும், அதுவும் முட்டை வளர்வதற்கான புரதத்துக்காக. இனிப்பு வேண்டுமென்றால் அது உங்கள் வீட்டுச் செம்பருத்திக்குப் போய்விடும்.

இனி நாற்காலி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் என் மனைவிக்கென்று ஒரு பிரம்பு நாற்காலி உண்டு. சுவரோரம், கற்பூரவல்லித் தொட்டிக்குப் பக்கத்தில். உங்களைப் போலவே அவளும், "என்னை மட்டும் கடிக்கிறது" என்பாள். ஒரு நாள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை, யாருக்குக் கடி விழுந்தாலும் சுவரில் அவர் பெயருக்குக் கீழே ஒரு கோடு. மூன்று நாளும் அவள் பெயருக்குக் கீழேதான் கோடுகள் நெருக்கியடித்தன. நான்காம் நாள் இடத்தை மாற்றி உட்கார்ந்தோம். கோடுகள் பாதிக்குமேல் என் பெயருக்குக் கீழே இடம்பெயர்ந்துவிட்டன. குனிந்து பார்த்தேன். தொட்டியின் அடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் தட்டில் இரண்டு விரற்கடை தண்ணீர். அதில் கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வால் நுனியை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. விரலை அருகில் கொண்டுபோனால் நெளிந்து அடியில் இறங்குகின்றன, சற்றுப் பொறுத்தால் ஒவ்வொன்றாக மேலே வருகின்றன. நான் வகுப்பில் படம் போட்டுக் காட்டிய உயிர், என் மனைவி தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்த தட்டில். "அப்படியென்றால் என் ரத்தத்தில் ஒன்றுமில்லையா?" என்று கேட்டாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆனால் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவிய பிறகும், மொத்தக் கடி குறைந்ததே தவிர, இருவரில் அவளுக்குத்தான் கூடுதல். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும். ஆக, இடமும் உண்டு, ஆளும் உண்டு. இரண்டு பேர், ஒரு தாழ்வாரம், ஒரு வாரம் என்பதை வைத்து இதற்குமேல் ஒன்றும் சொல்ல முடியாது. அன்று சட்டை நிறம் என்ன, யார் குளித்துவிட்டு வந்தார், யார் அப்போதுதான் அடுப்படியிலிருந்து வியர்வையோடு வந்தார் என்று எதையும் நான் குறித்துக்கொள்ளவில்லை.

நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் செய்த, 2022இல் வெளியான ஆய்வு எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான். அவர்கள் நாற்காலியையே எடுத்துவிட்டார்கள். ஆளையும் எடுத்துவிட்டார்கள். 64 பேரிடம் நைலான் உறையைக் கொடுத்து, தினமும் ஆறு மணி நேரம் முழங்கைக்குக் கீழே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு உறையைக் கழற்றி வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, இரண்டு பேருடைய துண்டுகளை இரண்டு பொறிகளுக்குப் பின்னால் வைத்து, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்களைத் திறந்துவிட்டார்கள். மூச்சுக் காற்று இல்லை, உடல் சூடு இல்லை, தொட்டி இல்லை. தோலின் வாசனை மட்டும். கபடிப் போட்டி அட்டவணைபோல் இவர் அவரோடு, அவர் இன்னொருவரோடு என்று மோதவிட்டதில், 33 என்ற எண் கொடுக்கப்பட்ட ஒருவர் எல்லோரையும் ஜெயித்தார். கடைசியில் வந்தவரைவிட அவர் வாசனைக்கு ஏறத்தாழ நூறு மடங்கு ஈர்ப்பு. இவ்வாறு கொசுவை இழுப்பவர்களின் தோலில் கார்பாக்சிலிக் அமிலங்கள் என்ற வகைப் பொருள்கள் அதிகமாக இருந்தன. இது ஒரு நாள் கூத்தும் இல்லை. ஆய்வு மூன்று ஆண்டுகள் நடந்தது. இழுத்தவர்கள் இழுப்பவர்களாகவே இருந்தார்கள். கொசுவின் மோப்ப உணர்வில் ஒரு பகுதியை மரபணு மட்டத்தில் முடக்கிப் பார்த்தபோதும் அது 33ஐக் கண்டுபிடித்துவிட்டது.

இதை வைத்து, "அமிலம்தான் காரணம், முடிந்தது" என்று நான் எழுதியிருந்தால் உங்களுக்கு ஒரே வரி கிடைத்திருக்கும். ஆனால் அந்த அமிலத்தைக் குறைத்தால் கடி குறையுமா என்பது வேறு கேள்வி. அவை தோலின் இயல்பான எண்ணெய்ப்பசையோடு சேர்ந்தவை, சோப்புப் போட்டு நிரந்தரமாகக் கழுவிவிடக் கூடியவை அல்ல. என் பன்னிரண்டு "இருக்கலாம்"களில் நான்கு அங்கேதான் இருந்தன. தேவனாம்பட்டினத்தில் படகு வைத்திருப்பவரிடம் நாளைக்குக் காற்று எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "வாடை திரும்பும் போலிருக்கிறது" என்பார். அந்தப் "போலிருக்கிறது"வை நம்பித்தான் மறுநாள் கடலுக்குப் போவதையும் போகாததையும் முடிவு செய்கிறார்கள்.

உங்கள் அம்மாவுக்கும் நிறையக் கடிக்குமா? லண்டன் ஆய்வாளர்கள் இரட்டையர்களின் கை வாசனையை வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்வு 2015இல் வெளியானது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் இருவரையும் கொசு ஏறக்குறைய ஒரே அளவில் விரும்பியது. மற்ற இரட்டையரில் அந்த ஒற்றுமை அவ்வளவாக இல்லை. வாசனையில் பரம்பரைக்கும் பங்கு உண்டு என்று தெரிகிறது. கர்ப்பமாக இருந்தபோது அதிகம் கடித்ததாக நினைவிருந்தால் அதுவும் பிரமை அல்ல. காம்பியா நாட்டில் செய்து 2000இல் வெளியான ஆய்வில், கர்ப்பிணிகளைத் தேடி ஏறத்தாழ இரண்டு மடங்கு கொசுக்கள் வந்தன. அவர்கள் விடும் மூச்சின் அளவும் வயிற்றுப் பகுதியின் சூடும் கூடுதல்.

பீர்? 2010இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் புர்கினா ஃபாசோ நாட்டில், அங்கே காய்ச்சும் உள்ளூர் பீரைக் குடிக்கவைத்துச் சோதித்தார்கள். குடித்த பிறகு மலேரியாக் கொசுக்கள் அதிகமாக ஈர்க்கப்பட்டன. தண்ணீர் குடித்தவர்களிடம் அப்படி மாற்றமில்லை. புதுச்சேரிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இந்த ஆய்வை நான் விரித்து எழுதினால் வார இறுதியில் வருகிற விருந்தாளிகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். குடிக்காத உங்களுக்கு அதனால் பயனும் இல்லை.

பாருங்கள், ஐந்து ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒன்று ஜப்பானில் ஒருவகைக் கொசுவை வைத்து, இன்னொன்று ஆப்பிரிக்காவில் வேறொரு கொசுவை வைத்து. தலைப்புப் போடுகிறவர் எல்லாவற்றையும் "கொசு" என்று சுருக்கிவிடுகிறார், சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் தெருப் பேச்சுக்கு வருகிறேன். இந்திரா நகரில் உள்ள வி.சி.ஆர்.சி., அதாவது நோய்க்கடத்திகளைக் கட்டுப்படுத்துவதற்கான மத்திய ஆராய்ச்சி மையம், 1975 முதல் இருக்கிறது. 1981 முதல் 1985 வரை புதுவை நகரத்தில் யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவை அடக்கப் பெரிய திட்டம் ஒன்றை நடத்தியவர்கள் அவர்கள். 2022இல் அவர்கள் அறிவித்தது இது: வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களை, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்த முட்டைகளைப் பொரிக்கவைத்து நம் ஊர்க் கொசுவோடு இனம்சேர்த்து, ஆய்வகத்தில் உருவாக்கிவிட்டார்கள். கொசு வம்சத்துக்கு "புதுச்சேரி" என்பதன் சுருக்கத்தையே பெயரில் சேர்த்திருக்கிறார்கள். வெளியே விடுவதற்கு அரசின் அனுமதி வேண்டும் என்பதையும் அப்போதே சொன்னார்கள்.

அந்தப் பாக்டீரியா பல பூச்சிகளுக்குள் இயற்கையாகவே வாழ்வது, டெங்குவை முதன்மையாகப் பரப்பும் கொசுவுக்குள் இயல்பாக இல்லை. உள்ளே வைத்துவிட்டால் டெங்கு வைரஸ் அந்தக் கொசுவுக்குள் சரியாகப் பெருக முடியாது. தாய்க் கொசுவிடமிருந்து குஞ்சுகளுக்கும் போகும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரத்தை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 12இல் மட்டும் இக்கொசுக்களை விட்டுப் பார்த்தார்கள். விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைவு என்று 2021இல் முடிவு வெளியானது. ஆண் கொசுவைத்தான் விடுவார்கள், அது கடிக்காது என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு விருப்பமில்லை. இந்த முறையில் பெண் கொசுவையும் விட வேண்டும், அது கடிக்கும். நோயைச் சுமக்காமல் கடிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மற்றபடி முத்தியால்பேட்டைக் கொசுவுக்கு ஆய்வகம் தேவையில்லை, திறந்த சாக்கடையும் மூடாத தொட்டியும் போதும்.

ஒரு வேலை தருகிறேன். உங்களைக் கடிப்பதை அடிக்கும்போது நசுக்கிவிடாமல் பாருங்கள். காலில் வெள்ளைப் பட்டை இருந்தால் ஏடிஸ், அது பகலிலும் அந்தி நேரத்திலும் கடிக்கும், உங்கள் மாடியிலோ பக்கத்து மாடியிலோதான் பிறந்திருக்கும். பூந்தொட்டித் தட்டு, கொட்டாங்குச்சி, பழைய டயர், ஃப்ரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு என்று தேடுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மீண்டும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். பட்டை இல்லாமல் பழுப்பாக இருந்து, இருட்டிய பிறகு வந்தால் க்யூலெக்ஸ், அது பெரும்பாலும் சாக்கடையில் பிறந்தது, உங்கள் வீட்டுத் தப்பாக இருக்காது.

பிறகு நாற்காலிகளை மாற்றி உட்காருங்கள், குறைந்தது ஒரு வாரம், தினமும் ஒரே நேரத்தில். கோடு போடும் பொறுப்பை மாமியாரிடம் கொடுங்கள், அவருக்குத்தான் முடிவில் அக்கறை. எனக்கு எழுதும்போது யார் எந்த நிறத்தில் உடுத்தியிருந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் குறிக்க மறந்தது அது.