அண்ணன் அனுப்பிய விடுதலைப் பத்திரம்

கேள்வி: அப்பா போன வருடம் தவறிவிட்டார். உயில் எழுதவில்லை. வாழப்பாடி பக்கம் அவர் 1984-ல் கிரயம் வாங்கிய ஒன்றேகால் ஏக்கர் காடும் அதில் ஓர் ஓட்டு வீடும் இருக்கின்றன. ஏற்காட்டில் ஒருவரிடம் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிய 60 சென்ட் காப்பித் தோட்டமும் உண்டு. அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர். “பட்டா பேர் மாத்த உன் கையெழுத்து வேணும், வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லி, அண்ணன் ஒரு பத்திர நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். மேலே ‘விடுதலைப் பத்திரம்’ என்று இருக்கிறது. தமிழில்தான் எழுதியிருக்கிறார்கள், ஒரு வரிகூடப் புரியவில்லை. கையெழுத்துப் போடலாமா?

– பெயர் வேண்டாம், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: இந்தப் பத்திரத்தில் போடாதீர்கள், அம்மா. அண்ணன் மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. அவர் சொன்ன காரணத்துக்கும் அனுப்பிய காகிதத்துக்கும் சம்பந்தம் இல்லை, அவ்வளவுதான்.

விடுதலை என்றதும் உங்களுக்கு ஏதோ கிடைக்கப்போகிறது என்று தோன்றும். பத்திரத் தமிழில் அது தலைகீழ். சொத்தை உங்கள் பிடியிலிருந்து நீங்கள் விடுவிக்கிறீர்கள். அப்பா சொந்தப் பணத்தில் கிரயம் வாங்கிய நிலம் ‘சுயார்ஜிதம்’. உயில் இல்லாமல் அவர் இறந்ததால், 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் அண்ணனுக்கும் உங்களுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. உங்களுக்குக் கல்யாணம் ஆகி எத்தனை வருடம், எவ்வளவு நகை போட்டார்கள் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. நகலில் ‘எனக்குள்ள பிரிபடாத 3-ல் 1 பாகத்தை’ என்று வருகிறதே, அது இந்தப் பங்குதான். பிரிபடாத என்றால் எந்த மூலை உங்களுடையது என்று இன்னும் அளந்து பிரிக்கவில்லை என்று பொருள். பங்கு இல்லை என்று பொருள் அல்ல.

அடுத்த வரியைப் பாருங்கள். ‘ரொக்கம் ரூ.50,000 நாளது தேதியில் பற்றிக்கொண்டு’. நாளது தேதி என்பது கையெழுத்துப் போடும் அன்றைய தேதி. பற்றிக்கொண்டேன் என்றால் பணம் கைக்கு வந்துவிட்டது. வந்ததா? வராத பணத்தை வந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்கப் போனால், உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிர்சாட்சி. ‘இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பின்தொடர்ச்சியும் இல்லை’ என்ற வரி உங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்துகிறது. பதிவானபின், ஏமாற்றி வாங்கினார்கள் என்று நீங்கள் தனியாகப் போய் ரத்து செய்ய முடியாது. சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், அதுவும் விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள்.

சரி, பட்டாவுக்கு வருவோம். நம் ஊரில் பட்டா இருந்தால் நிலமே கையில் இருப்பதுபோல நினைக்கிறோம். அது வரி வசூலுக்காகப் பிறந்த காகிதம். 1792-ல் திப்புவிடமிருந்து சேலமும் பாராமகால் பகுதியும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனபோது அலெக்ஸாண்டர் ரீடும் அவரிடம் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் குடியானவனோடு நேரடியாக வரி பேசும் ரயத்துவாரி முறையைத் தொடங்கினார்கள். இந்த நிலத்துக்கு இவர் வரி கட்டுவார் என்ற பதிவுதான் பட்டா. இன்றைக்கும் கோர்ட்டில் பட்டா மட்டும் உரிமையை நிரூபிக்காது. உரிமை அப்பாவின் 1984 கிரயப் பத்திரத்தில் இருக்கிறது. அதை யார் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

பட்டாவில் பெயர் மாற்ற விடுதலைப் பத்திரம் தேவையில்லை. அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய பட்டா இவற்றோடு மூன்று பேரும் மனுக் கொடுத்தால் மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா கிடைக்கும். புதுப் பட்டாவில் 0.50.50 என்று பார்த்துவிட்டு நிலம் குறைந்துவிட்டதே என்று பதறாதீர்கள். அது ஹெக்டேர் கணக்கு, ஐம்பதரை ஏர்ஸ். ஓர் ஏர் 2.47 சென்ட். பெருக்கினால் உங்கள் ஒன்றேகால் ஏக்கர் வந்துவிடும்.

நகலின் கடைசிப் பக்கத்தில் ‘செக்குபந்தி’ இருக்கும், நான்கு எல்லை. ‘மாரியப்பன் காட்டுக்குக் கிழக்கு’ என்று எழுதியிருந்தால் மாரியப்பன் காடு கிழக்கில் இருக்கிறது என்று அர்த்தமல்ல. அவர் காட்டுக்குக் கிழக்கே இருப்பது உங்கள் நிலம். அப்படியென்றால் அவர் உங்களுக்கு மேற்கே இருக்கிறார். நான் ஜூனியர் வக்கீலாக இருந்த காலத்தில் இதைத் திருப்பிப் படித்து, சர்வேயரையும் கூட்டிக்கொண்டு யாரோ ஒருவருடைய மரவள்ளிக் காட்டில் அரைமணி நேரம் எல்லைக் கல் தேடியிருக்கிறேன். காட்டுக்காரம்மா மோர் கொடுத்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். அதே பக்கத்தில் ‘மாமூல் வழிநடைப் பாத்தியம்’, ‘கிணற்றில் பொதுப் பாகம்’ என்ற வார்த்தைகளும் வரும். முன்னது காலங்காலமாக நடந்து போகும், வண்டி ஓட்டும் தடத்தின் உரிமை. பின்னது தண்ணீர். பின்னால் பாகம் பிரிக்கும்போது இந்த இரண்டும் உங்கள் பங்குக்கு எதிரில் எழுதப்படாவிட்டால், தடமும் தண்ணீரும் இல்லாத நாற்பது சென்டை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

பிரிக்க வேண்டுமென்றால் அதற்குப் பெயர் பாகப்பிரிவினைப் பத்திரம். செலவு அதிகம் என்று அண்ணன் சொன்னால், குடும்பத்துக்குள் செய்யும் விடுதலைக்கும் பாகப்பிரிவினைக்கும் சலுகை ஒன்றுதான் என்று சொல்லுங்கள். முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 2023 ஜூலை முதல் அதன் உச்சவரம்பு பாகம் ஒன்றுக்கு 40,000 ரூபாய். அண்ணனுக்கே விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனசு இருந்தால் அதுவும் தப்பில்லை. அப்போது பேசிய தொகை பேங்க் வழியாக வரட்டும், அதே தொகை பத்திரத்திலும் வரட்டும். சும்மா கொடுப்பதானால் ‘பிரதிபலன் இல்லாமல்’ என்று எழுதட்டும். வாங்காத ஐம்பதாயிரத்துக்கு அங்கே வேலையில்லை.

ஏற்காட்டு 60 சென்டுக்கு இந்த நகலில் இடமே இல்லாதது நல்லதுதான். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தைப் பதிவு செய்யாத காகிதத்தில் கிரயம் பேசினால் உரிமை மாறாது. அப்பாவுக்கு இருந்தது ‘அனுபவம்’. சட்டத்தில் அந்தச் சொல்லுக்குக் கைவசம் வைத்து ஆண்டு வருவது என்று பொருள். தனியார் நிலமாக இருந்து, உரிமையாளருக்கு எதிராக வெளிப்படையாகப் பன்னிரண்டு வருடம் அனுபவித்திருந்தால் வாதாட வழி இருக்கிறது. அரசு நிலமென்றால் முப்பது வருடம். விற்றவருக்கு அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த பட்டாவா, காட்டு இலாகா எல்லைக்குள் வருகிறதா என்று ஏற்காடு தாலுகா ஆபீசில் பார்க்காமல் அதில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். அந்த வெள்ளைத்தாளைப் பத்திரமாக வையுங்கள், லேமினேஷன் மட்டும் செய்ய வேண்டாம்.

இன்னொன்று. மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கும் இருக்கிறது, நீங்கள் கடிதத்தில் அதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை. அண்ணன் அம்மாவிடமும் இப்படி ஒரு காகிதம் கொடுத்திருக்கிறாரா? இந்த ஞாயிற்றுக்கிழமையே போய், அந்த நகலை வரிவரியாக அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.