ஏரிப் பாசனக் கழனியில் உப்பு பூப்பது ஏன்?

வாணியம்பாடிப் பக்கம் ஏரிக்குக் கீழே உள்ள உங்கள் கழனியில் வெள்ளையாகப் பூக்கிறது, ஜிப்சம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு வாங்காதீர்கள். முதலில் மண் பரிசோதனை. கார அமில நிலை (pH) 8.5-க்குள் இருந்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டினால் அது உவர், அதாவது கரையும் உப்பு மிகுந்த மண். அதற்கு ஜிப்சம் வீண் செலவு. வடிகால் வெட்டி, நல்ல தண்ணீரைத் தேக்கி வடிக்க வேண்டும். கார அமில நிலை 8.5-க்கு மேல் போய் மண் இறுகியிருந்தால் களர், அதாவது சோடியம் மிகுந்த மண். அதற்குத்தான் ஜிப்சம், அப்புறம் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை மடக்கி உழுவது.

உப்பு வரும் வழி? ஏரிக் கசிவால் நிலத்தடி நீர் மேலேறும், வெயிலில் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். நம் பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் கழிவுநீரின் உப்பும் சேர்ந்தது பெரும் கொடுமை. உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பு வந்த வழக்கு அது. அதனால் கிணற்றுத் தண்ணீரையும் கட்டாயம் சோதித்துவிடுங்கள்.