காசிமேட்டுப் பிள்ளைக்கு அமெரிக்கக் கையேடு பொருந்துமா?

கேள்வி: வடசென்னைக் கல்லூரி ஒன்றில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருக்கிறேன். சேவைவழிக் கற்றலை, அதாவது சமூக சேவை செய்து அதன் வழியே கற்பதை, பாடமாக வைக்கச் சொல்லி ஒரு அமெரிக்கக் கையேட்டைக் கொடுத்திருக்கிறார்கள். அதன்படி மாணவர்கள் வாராவாரம் தங்கள் மனமாற்றத்தை நாட்குறிப்பாக எழுத வேண்டும். எல்லோரும் "நல்ல அனுபவம், வாய்ப்பளித்த ஐயாவுக்கு நன்றி" என்றே எழுதுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: பிள்ளைகள் மேல் தப்பில்லை சார், கையேடு வேறு யாருக்கோ எழுதியது. அமெரிக்காவில் 1960களில் 'சேவைவழிக் கற்றல்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தபோதிலிருந்து பெரும்பாலும் மனதில் இருப்பது, வசதியான வளாகத்திலிருந்து கிளம்பி, பழக்கமில்லாத ஏழைப் பகுதிக்குப் போய், அங்கே பார்த்ததில் அதிர்ந்து திரும்பும் மாணவர்தான். உங்கள் மாணவியோ காசிமேட்டிலேயே பிறந்து, விடியற்காலை அம்மாவோடு மீன் ஏலத்துக்குப் போய்விட்டு வகுப்புக்கு வருகிறவள். அவளிடம் "ஏழ்மையைப் பார்த்து என்ன உணர்ந்தாய்" என்று கேட்டால் நன்றிக் கடிதம்தான் வரும்.

மாணவர்களைச் சேவைக்கு அனுப்ப ஒவ்வொரு நாடும் ஒரு காரணம் வைத்திருக்கிறது. மெக்சிகோவில் பட்டம் வாங்க குறைந்தது 480 மணி நேர சமூக சேவை கட்டாயம், படிக்கவைத்த சமூகத்துக்குத் திருப்பித் தரும் கடன் மாதிரி. பிலிப்பைன்ஸில் ராணுவப் பயிற்சிக்கு மாற்றாகச் சமூக சேவையையும் எழுத்தறிவுப் பணியையும் தேர்ந்தெடுக்கலாம் என்று 2002இல் சட்டம் வந்தது. நம் நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல், காந்தி நூற்றாண்டில் பிறந்தது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம், "எனக்காக அல்ல, உனக்காக" என்ற முழக்கம். அந்த முழக்கத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "உனக்குள் என்ன நடந்தது, எழுது" என்றால் பிள்ளை எதை எழுதும்? அதிலும் இன்டர்னல் மார்க் போடுகிற ஆசிரியரே அதைப் படிக்கிறார் என்றால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள், நானாக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

அதனால் நாட்குறிப்பை விட்டுவிட்டு வேலையை மாற்றிப் பாருங்கள். வணிகவியல் மாணவர்கள் மீன் விற்கும் அக்காமார் இரண்டு மூன்று பேரிடம், அவர்கள் சம்மதத்தோடு, ஒரு மாதக் கணக்கு எழுதட்டும்: ஏலத்தில் கொடுத்தது, ஐஸ், ஆட்டோ, கந்து வட்டி, கடைசியில் கையில் நின்றது. யாருக்கு யார் பாடம் எடுக்கிறார்கள் என்பது அப்போது தானாகத் தலைகீழாகும். பேனர், போட்டோ வேண்டாம், ஏற்கெனவே அங்கே வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள் நிறைய. அப்புறம் நாட்குறிப்புக்குப் பதில், டீக்கடையில் ஆறேழு பேராக உட்கார்ந்து பேசவிடுங்கள், ஒருவர் மட்டும் குறிப்பெடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்காதீர்கள். கேள்வியும் ஒன்றே போதும்: "நீ தப்பாக நினைத்திருந்த எதை அந்த அக்கா திருத்தினார்?" மார்க்கை அந்தக் கணக்கேட்டுக்குப் போடுங்கள், அதுவும் அக்காவிடம் படித்துக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகு.