அம்மாவின் கிரீன் கார்டு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் தண்டையார்பேட்டையில் வசிப்பவள். என் அண்ணன் நியூ ஜெர்சியில் இருக்கிறார், அமெரிக்கக் குடிமகன். அவர் மனுப்போட்டு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அம்மாவுக்குக் கிரீன் கார்டு (அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை அட்டை) கிடைத்தது. அம்மாவுக்கு வயது 68. மாநகராட்சிப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியமும் மாடி வீட்டு வாடகையும் வருகின்றன. இந்த முறை இங்கே வந்தவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்யவேண்டியதாகிவிட்டது. வந்து எட்டு மாதம் ஆகிறது. "ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கே கால் வைத்தால் போதும், அதுவும் தவறிவிட்டதே" என்று அண்ணன் பதறுகிறார். கார்டே ரத்தாகிவிட்டது என்கிறார் பெரம்பூர் மாமா. கார்டில் இன்னும் எட்டு ஆண்டுகள் மீதி இருப்பதால் கவலை வேண்டாம் என்கிறார் டிக்கெட் போடும் ஏஜென்ட். யார் சொல்வது சரி?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பேர் சொல்வதும் தவறு. உங்கள் அம்மாவின் கார்டு ரத்தாகவில்லை. ஆனால் கவலைப்படாமல் இருக்கும் நிலையும் இல்லை. வந்த தேதியிலிருந்து ஓராண்டு முடிய உங்களுக்கு நான்கு மாதம்தான் இருக்கிறது.

பெரம்பூர், ராயபுரம் பக்கம் இந்தக் குழப்பம் சாதாரணம். ஒரே தெருவில் ஆஸ்திரேலியா போனவர் வீடும் கனடா போனவர் வீடும் இருக்கும். ஒரு நாட்டுச் சட்டத்தை இன்னொரு நாட்டுக்குப் பொருத்திச் சொல்லிவிடுகிறார்கள். கனடாவில் ஐந்து ஆண்டுகளில் 730 நாள் இருந்தாக வேண்டும் என்று எண்ணிக்கையே விதியாக இருக்கிறது. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே நாள்கணக்கு பார்ப்பார்கள், ஆனால் அதோடு நிறுத்துவதில்லை. இவருடைய குடித்தனம் எங்கே நடக்கிறது, வெளிநாடு போனது தற்காலிகமாகத்தானா என்பதே அவர்கள் கேள்வி. ஐந்து மாதத்துக்கு ஒருமுறை போய் இரண்டு வாரம் தங்கிவிட்டு இங்கேயே வாழ்பவரை, "நீங்கள் இங்கு வசிப்பவர் அல்ல, வந்துபோகிறவர்" என்று அதிகாரி சொல்லலாம். உங்கள் அண்ணன் நம்பும் ஆறு மாதக் கணக்கு அங்கே காப்பாற்றாது.

அந்த ஆறு மாதம் எங்கிருந்து வந்தது என்றால், 180 நாளுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தவரைப் புதிதாக உள்ளே அனுமதி கேட்பவராகக் கருதி விசாரிக்கச் சட்டம் இடம் தருகிறது. விசாரணை கடுமையாகும், அவ்வளவுதான். குடியுரிமை கேட்கும்போதும் ஆறு மாதத்தைத் தாண்டிய பயணம், அதற்கு வேண்டிய ஐந்தாண்டுத் தொடர் வசிப்பைக் கெடுக்கக்கூடும். ஓராண்டைத் தொட்டுவிட்டால் விஷயமே வேறு. அந்தக் கார்டை மட்டும் காட்டி நுழைய முடியாது. திரும்பி வரும் நிரந்தரவாசிக்கான விசாவுக்குத் தூதரகத்தில் மனுச் செய்து, தங்க நேர்ந்தது தன் கையில் இல்லாத காரணத்தால் என்று நிரூபிக்க வேண்டும். அது எளிதில் கிடைப்பதில்லை. ஏஜென்ட் சொல்லும் எட்டு ஆண்டு, அட்டை செல்லுபடியாகும் காலம். அங்கே வசிக்கும் உரிமைக்கு அந்தத் தேதி உத்தரவாதம் ஆகாது.

ஆகவே அம்மா போவதாக இருந்தால் ஓராண்டு முடிவதற்கு முன்பே போகட்டும். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சுருக்கம், அறுவைச் சிகிச்சைத் தேதி, பயணம் செய்யக்கூடாது என்று மருத்துவர் எழுதிய கடிதம், அண்ணன் வீட்டு முகவரிக்கு வந்த வங்கிக் கடிதங்கள், அமெரிக்க வருமான வரிப் படிவங்கள் எல்லாம் கையோடு இருக்கட்டும். அங்கே போனபின் மறுபடி நீண்ட நாள் இங்கே தங்கும் எண்ணம் இருந்தால் ஐ-131 படிவத்தில் மறுநுழைவு அனுமதி கேட்க வேண்டும். மனுச் செய்யும் நேரத்தில் அவர் அமெரிக்க மண்ணில் இருந்தாக வேண்டும், தண்டையார்பேட்டையிலிருந்து அனுப்ப முடியாது. கைரேகையும் கொடுக்கச் சொல்வார்கள். பொதுவாக இரண்டு ஆண்டுகள் வரை செல்லும். அது இருந்தாலும் கேள்வி கேட்கும் உரிமை அதிகாரிக்கு உண்டு.

வரி விஷயத்தை யாரும் உங்களிடம் பேசவில்லை போலிருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் உலகில் எங்கு ஈட்டினாலும் அந்த வருமானத்தை அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர். அம்மாவின் ஓய்வூதியமும் மாடி வாடகையும் இதில் சேரும். இங்குள்ள வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் தனி அறிக்கையும் உண்டு. வைப்புத்தொகை வைத்திருக்கும் ஆசிரியர் குடும்பங்கள் இந்த அளவை எளிதில் தொட்டுவிடும். வரியைக் குறைக்கலாம் என்று யாராவது 'அங்கு வசிக்காதவர்' என்ற வகையில் படிவம் போட்டுவிட்டால், நிரந்தரவாசம் வேண்டாம் என்று அவரே சொன்னதற்கு அது சாட்சியாகிவிடும்.

உங்கள் கடிதத்தில் அண்ணன் பேசுகிறார், மாமா பேசுகிறார், ஏஜென்டும் பேசுகிறார். அம்மா என்ன விரும்புகிறார் என்று ஒரு வரி இல்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது. இங்கிருந்து மெட்ரோ ஏறித் திருவொற்றியூர் தேரடியில் இறங்கி வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டுத் தனியாக வீடு திரும்புகிறவர், அங்கே கோவிலுக்குப் போகவும் மகனின் விடுமுறை நாளுக்குக் காத்திருக்க நேரலாம். பேரப்பிள்ளைகளுக்காக அதையும் மகிழ்ச்சியோடு ஏற்கக்கூடும். அவர்தான் சொல்ல வேண்டும். தங்கிய வீட்டை விட்டுக் கிளம்பும் முடிவை 68 வயதுப் பெண்ணுக்காகப் பிள்ளைகள் எடுக்கக்கூடாது என்பது என் திடமான கருத்து.

இங்கேயே இருக்கிறேன் என்று அவர் சொன்னால், ஐ-407 படிவம் கொடுத்து கிரீன் கார்டை முறையாகத் திருப்பித் தரலாம். இது குற்றமும் இல்லை, அவமானமும் இல்லை. பிறகு பார்வையாளர் விசாவுக்கு விண்ணப்பித்துப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவரலாம். பின்னாளில் மனம் மாறினாலும் கதவு அடைபடாது. 21 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்களின் பெற்றோருக்கு ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பு கிடையாது, உங்கள் அண்ணன் மறுபடி மனுச் செய்யலாம். உடன்பிறந்தோர் வகையில் இந்தியர்கள் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் வரிசையில் நிற்பதைப் பார்த்துத்தான் 'விட்டால் கிடைக்காது' என்ற அச்சம் எல்லா வீடுகளிலும் பரவியிருக்கிறது. அம்மாவுக்கு அந்த வரிசை இல்லை. இதை அண்ணனுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். தாயை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அவருடைய ஆசையில் தவறு ஏதும் இல்லை.

அம்மா போகிறேன் என்று சொன்னால், ஏஜென்டை நம்பாமல் அமெரிக்கக் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் அண்ணன் காகிதங்களைக் காட்டட்டும். அமெரிக்க விமான நிலையத்தில் அதிகாரி அதே ஐ-407 படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், விருப்பமில்லாமல் போட வேண்டியதில்லை. குடிவரவு நீதிபதி முன் விசாரணை கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. பள்ளியில் பாடம் நடத்தியவர், கொடுக்கும் தாளைத் தானே முழுதும் படிக்கட்டும். தமிழில் விளக்கம் வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மருத்துவக் காகிதங்களின் மூலப்பிரதிகள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

அன்புடன்