பயிற்சியில் காட்டிய சதவீதக் கணக்கை நம்பலாமா?

கேள்வி: நான் நடுநிலை வகுப்பு ஆசிரியை. ஒரு பயிற்சியில் "படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20, செய்து பார்ப்பதில் 90 சதவீதம் மனதில் நிற்கும்" என்று ஒரு கூம்புப் படம் காட்டினார்கள். பெற்றோர் கூட்டத்தில் நானும் அதையே சொன்னேன். "யார் கண்டுபிடித்தது?" என்று ஒருவர் கேட்டதும் விழித்தேன். கூகுளில் தேடினால் எங்கு பார்த்தாலும் அதே படம்தான். இரவில் எனக்குக் கிடைப்பது அரை மணி நேரம். அதற்குள் உண்மை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அந்தச் சதவீதங்களுக்கு ஆதாரம் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூம்பு மட்டும் நிஜம். அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946-ல் வரைந்தது அது. நேரடி அனுபவம் அடியில், வெறும் சொற்கள் உச்சியில் என்று கற்பிக்கும் வழிகளை அடுக்கிக் காட்டினார், அவ்வளவுதான், அதில் ஓர் எண்கூட இல்லை. எண்கள் பிற்பாடு வேறு யாரோ ஒட்டவைத்தவை. (எல்லா விடையும் பத்து, இருபது, தொண்ணூறு என்று பத்தின் மடங்காகவே வந்து நிற்கும் ஆய்வு உலகத்தில் எங்கே இருக்கிறது?)

சரி, இதை நீங்களே எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம்? தேடும் இடத்தில் "படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20" என்று அப்படியே போட்டால், அதை நம்புகிறவர்கள் எழுதிய பக்கங்கள்தான் வரிசைகட்டி வரும், நூறு பக்கம் பார்த்தாலும் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியதாகவே இருக்கும். மாறாக "டேல் கூம்பு சதவீதம் ஆதாரம்" என்று, முடிந்தால் ஆங்கிலத்தில், போட்டுப் பாருங்கள். விவாதம் உடனே கண்ணில் படும். "பொய்" என்ற சொல்லைச் சேர்த்துத் தேடுவதும் ஒருபக்கச் சாய்வுதான், அதனால் "ஆதாரம்", "முதலில் சொன்னது யார்" மாதிரி நடுநிலையான சொற்களே நல்லது.

அடுத்த தவறு, ஒரு பக்கத்தைத் திறந்து அதையே மேலும் கீழும் உருட்டி, வடிவமைப்பு நன்றாக இருக்கிறதா, லோகோ இருக்கிறதா, "எங்களைப் பற்றி" பகுதியில் என்ன போட்டிருக்கிறது என்று பார்ப்பது. நம்மில் பெரும்பாலானோர் இதைத்தான் செய்கிறோம். 2017-ல் ஸ்டான்ஃபோர்டின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் வெளியிட்ட ஆய்வில் 10 வரலாற்று அறிஞர்கள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 கல்லூரி மாணவர்கள் ஆகியோரிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். மாணவர்கள் மட்டுமில்லை, அறிஞர்களும் லோகோவையும் இணைய முகவரியையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தை அரைகுறையாகப் பார்த்துவிட்டு வெளியே வந்து, புது டேப்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான். உங்கள் அரை மணி நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பழக்கம் எனக்குத் தெரியவில்லை.

விக்கிப்பீடியாவை ஒதுக்க வேண்டியதில்லை. கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்தாமல் அடிக்குறிப்புக்கு இறங்குங்கள், அங்கிருந்து மூல நூலுக்கோ கட்டுரைக்கோ போக வழி கிடைக்கும். கல்வி ஆய்வுகளுக்கு எரிக் (ERIC) என்ற இலவசத் தரவுத்தளம் இருக்கிறது, முழுக் கட்டுரையும் கிடைப்பவற்றை மட்டும் காட்டு என்று அதில் வடிகட்டலாம்.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கேட்டால் சில சமயம் இல்லாத ஆய்வுக்கும் தலைப்பு, ஆண்டு, ஆசிரியர் பெயர் எல்லாம் போட்டு அழகாகத் தந்துவிடும். அது சொன்ன தலைப்பை வேறொரு இடத்தில் தேடிக் கண்ணால் பார்க்கும்வரை வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் கேட்பது. பின்னத்தை எப்படிப் புரியவைப்பது, ஒரு பயிற்சிக்கு எத்தனை நிமிடம் விடுவது என்றால் அவரைவிட நல்ல ஆள் கிடையாது, தாராளமாகக் கேளுங்கள். ஆனால் "இது உண்மையா?" என்ற கேள்விக்கு அவரும் அதே பயிற்சியில் உட்கார்ந்து வந்தவர்தானே? அதற்குப் பள்ளியில் நூலகர் இருந்தால் அவரிடம் போங்கள், விடையைக் கேட்காமல் எந்தச் சொற்களைப் போட்டுத் தேடலாம் என்று மட்டும் கேளுங்கள். பெற்றோரிடம் என்ன சொல்வது என்று யோசிக்கிறீர்களா? "எண்கள் டேல் சொன்னவை இல்லை, செய்து கற்பதை விட்டுவிடப் போவதும் இல்லை" என்றால் போதும்.