நாய்க்கு வலிப்பு வந்தால்: வாசகர் கேள்வி – பதில்

செல்லப்பிராணிப் பகுதிக்கு வந்த கடிதங்களில், இந்த முறை வலிப்பு பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் லாப்ரடாருக்கு மூன்று வயது, 30 கிலோ. விடியற்காலை நாலு மணிக்குத் திடீரென்று சாய்ந்து, நான்கு கால்களையும் வெட்டி வெட்டி இழுத்தான். வாயில் நுரை, படுத்த இடத்திலேயே சிறுநீர். அம்மா சாவிக்கொத்தைக் காலில் அழுத்திப் பிடித்தார், அப்பா முகத்தில் தண்ணீர் அடித்தார். இரண்டு நிமிடத்தில் நின்றது. அதன்பின் ஒரு மணி நேரம் சுவரில் முட்டிக்கொண்டு, எங்களையே அடையாளம் தெரியாமல் அலைந்தான். இது காக்காய் வலிப்புதானா? மறுபடி வந்தால் என்ன செய்வது? – மதுரை வாசகி

நீங்கள் விவரித்திருப்பது வலிப்பேதான். பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தாமாகவே அடங்கிவிடும். சாவியைத் தேடி எடுத்துவரவே ஒரு நிமிடம் ஆகிவிடுவதால் பேர் இரும்புக்குப் போகிறது. சாவியால் கெடுதல் ஒன்றுமில்லை. தண்ணீர் அப்படியல்ல. அந்த நேரத்தில் விழுங்கும் உணர்வு இருக்காது. வாய்க்குள் போகிற தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

இன்னொரு தவறு வாயைத் திறக்கப் பார்ப்பது. நாய் தன் நாக்கை விழுங்காது. தாடை பூட்டிக்கொள்ளும்போது இடையில் உங்கள் விரல் இருந்தால் அது கடிக்கிறோம் என்று தெரியாமலே கடித்துவிடும். அடுத்த முறை முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் இரண்டு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். டாக்டருக்கோ அந்தக் கணக்குத்தான் முக்கியம். நாற்காலி, மேசையை நகர்த்துங்கள், படிக்கட்டு ஓரமாக இருந்தால் முதுகுப் பக்கமாகப் பிடித்து இழுத்துவிடுங்கள், தலைக்கடியில் மடித்த துணி வையுங்கள். டிவியை நிறுத்தி, விளக்கைக் குறைத்து, மின்விசிறியை ஓடவிடுங்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் வெளியே கட்டுங்கள். துடிக்கிற நாயை மற்றது பாய்ந்து கடிப்பதுண்டு. ஒருவர் மொபைலில் வீடியோ எடுக்கட்டும். இதயக் கோளாறால் வரும் மயக்கத்தையும் வலிப்பையும் பிரித்துச் சொல்ல, பத்து ஸ்கேனைவிட அந்த வீடியோ உதவும். மயக்கத்தில் உடல் தொய்ந்து விழும், சில நொடிகளில் எழுந்து ஒன்றுமே நடக்காததுபோல் நடக்கும். பின்னால் வரும் குழப்பம் இருக்காது.

ஐந்து நிமிடம் தாண்டினாலோ, 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது முறை வந்தாலோ, ஒன்றிலிருந்து முழுதாகத் தெளியுமுன் அடுத்தது தொடங்கினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நீண்ட வலிப்பில் தசைகள் ஓயாமல் இயங்குவதால் உடல் கொதிக்கும். நாயின் இயல்பான வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41 தாண்டினால் மூளையும் மற்ற உறுப்புகளும் கெடும். போகும் வழியில் வயிறு, தொடையிடுக்கு, பாதங்களில் ஈரத்துணி வைத்து, வண்டியில் காற்று வரச் செய்யுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

சுவரில் முட்டியது, ஆள் தெரியாதது எல்லாம் வலிப்புக்குப் பிந்தைய கட்டம். தற்காலிகக் குருட்டுத்தன்மைகூட வரும். சில மணி நேரம், சில நாய்களுக்கு ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். அகோரப் பசியோடு சாப்பாட்டைத் தேடும். கொஞ்சம் தண்ணீர் வைத்து, ஒழுங்காக நக்கி விழுங்குகிறதா என்று பார்த்தபிறகே சோறு வையுங்கள்.

காரணத்துக்கு வருவோம். ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில் முதல் வலிப்பு வந்து, இடைப்பட்ட நாட்களில் நடை, பார்வை, குணம் எல்லாம் சரியாக இருந்தால், பரம்பரைச் சாயல் உள்ள காக்காய் வலிப்பு என்றுதான் முதலில் நினைப்போம். லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், பீகிள், ஜெர்மன் ஷெப்பர்ட் இனங்களில் இது அதிகம். ஆனாலும் ரத்தத்தில் சர்க்கரை, கால்சியம், கல்லீரல், சிறுநீரகம் பார்த்து, உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பூச்சும் எடுத்துவிட வேண்டும். எம்ஆர்ஐ எல்லோருக்கும் தேவையில்லை. ஆறு வயதுக்கு மேல் முதல் முறை வந்த நாய், வட்டம் போட்டு நடக்கிற நாய், ஒரு பக்கம் மட்டும் பலவீனமான நாய் ஆகியவற்றுக்கு அவசியம். ஒரே ஒரு வலிப்புக்காக உடனே மாத்திரை தொடங்குவதில்லை. ஆறு மாதத்துக்குள் இரண்டாவது வந்தாலோ, முதல் வலிப்பே ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் பல வந்தாலோ தொடங்குவோம்.

பீகிள், 12 கிலோ. டாக்டர் பினோபார்பிடோன் 30 மி.கி. மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று கொடுத்தார். ஒரே வாரத்தில் தள்ளாடி நடக்கிறது, தண்ணீர்ச் சட்டியைக் காலி செய்கிறது, குப்பைக்கூடை வரை தின்னப் பார்க்கிறது. பாதியாகக் குறைக்கலாமா? மூன்று மாதம் வலிப்பு வராவிட்டால் நிறுத்திவிடலாமா? – கோவை வாசகர்

இரண்டுக்கும் இப்போதைக்கு 'கூடாது' என்பதுதான் பதில். தொடக்க அளவு ஒரு கிலோவுக்கு 2.5 முதல் 3 மி.கி., பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. உங்கள் பீகிளுக்குக் கொடுத்திருப்பது கிலோவுக்கு 2.5, அதாவது கீழ்முனைதான். தள்ளாட்டமும் தூக்கமும் முதல் இரண்டு வாரத்தில் வந்து, உடல் பழகியதும் பெரும்பாலும் மறையும். தாகம், பசி, அடிக்கடி சிறுநீர் போவது மட்டும் ஓரளவு தங்கிவிடும். தண்ணீரைக் குறைக்காதீர்கள். சோற்றைக் குறைத்து வேகவைத்த பூசணி, பீன்ஸ் சேர்த்து வயிற்றை நிரப்பலாம். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். இந்த மருந்தில் பீகிள் உருண்டையாகிவிடும்.

பாதியாக்குவதில் என்ன சிக்கல் என்றால், மருந்தின் அளவு ரத்தத்தில் நிலைபெற இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்கு முன் கூட்டினாலும் குறைத்தாலும் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது வாரம் ரத்தத்தில் மருந்தின் அளவு பாருங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 15 முதல் 35 மைக்ரோகிராம் இருக்கலாம். 15-க்குக் கீழே இருந்து வலிப்பும் வந்தால் மருந்தைக் கூட்டுவோம். 35-ஐத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. ஜெல் உள்ள குழாயில் ரத்தம் எடுத்தால் மருந்தை ஜெல் உறிஞ்சி அளவு குறைவாகக் காட்டும். சாதாரணச் சிவப்பு மூடிக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். இதை லேப் ஆட்கள் பலர் கவனிப்பதில்லை.

பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்தளவும் கல்லீரல் பரிசோதனையும். அறிக்கையில் ஆல்கலைன் பாஸ்படேஸ் மட்டும் உயர்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்து நிறுத்துபவர்கள் நிறைய. இந்த மருந்து அந்த நொதியைத் தானாகவே உயர்த்தும். ரத்தப் புரதமான அல்புமின் இறங்குவது, பித்த அமிலம் ஏறுவது, மஞ்சள் காமாலை, சாப்பிட மறுப்பது ஆகியவைதான் கவலைக்குரியவை. முதல் சில மாதங்களில் ஈறு வெளுத்தாலோ காய்ச்சல் வந்தாலோ ரத்த அணுக்களைப் பார்க்க வேண்டும். சில நாய்களுக்கு இந்த மருந்தால் அவை குறைந்துபோகும்.

திடீரென்று நிறுத்தினால் அந்த நிறுத்தமே வலிப்பைக் கிளப்பும், அதுவும் தொடர் வலிப்பாக. வலிப்பு நோயால் நேரும் மரணங்களில் இது தவிர்த்திருக்கக் கூடிய வகை. மருந்துக் கடையில் எல்லா நாளும் இருப்பு இருக்காது, சீட்டு இல்லாமல் தரவும் மாட்டார்கள். எனவே கடைசி அட்டையைப் பிரிக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். ஒருவேளை மறந்தால் நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டதை விட்டுவிடுங்கள், இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். ஒன்றிரண்டு வருடம் ஒரு வலிப்பும் இல்லாதிருந்தால், மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பதைப் பற்றி டாக்டரிடம் பேசலாம்.

வலிப்பு முழுதாக நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல நாய்களில் எண்ணிக்கை பாதிக்குக் கீழே குறைந்தாலே மருந்து வேலை செய்கிறது என்று பொருள். போதாவிட்டால் பொட்டாசியம் புரோமைடு சேர்ப்பார்கள். அது நிலைபெற மூன்று மாதம் ஆகும். சாப்பாட்டு உப்பின் அளவு மாறினால் ரத்தத்தில் மருந்தின் அளவும் மாறிவிடும். இன்று சாதா சோறு, நாளை உப்புக்கருவாடு என்று போடக் கூடாது. லெவெடிராசிட்டம் இன்னொரு வழி, கிலோவுக்கு 20 மி.கி., எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. மனிதர்களுக்கான சிரப்பாக வாங்கினால் அட்டையில் சைலிட்டால் இருக்கிறதா பாருங்கள்; அந்த இனிப்பு நாய்க்கு விஷம். நீண்ட நேரம் வேலை செய்யும் வகை மாத்திரையை உடைத்தோ பொடித்தோ கொடுத்தால் பயன் போய்விடும்.

எங்கள் ஊரில் இரவில் டாக்டர் கிடையாது, டவுனுக்கு 40 கிலோமீட்டர். நாய்க்கு ஒரே இரவில் மூன்று நான்கு முறை வருகிறது. வீட்டில் என்ன மருந்து வைத்துக்கொள்ளலாம்? – தேனி மாவட்ட வாசகர்

உங்களைப் போன்றவர்களுக்கு அவசர மருந்து கட்டாயம் வேண்டும். டாக்டரிடம் சீட்டு வாங்கி, அவர் முன்னால் ஒருமுறை வெறும் தண்ணீரில் பழகிக்கொள்ளுங்கள்.

மூக்கில் விடும் மிடாசோலம் முதல் தேர்வு. கிலோவுக்கு 0.2 மி.கி. 30 கிலோ நாய்க்கு 6 மி.கி. கடையில் ஊசி மருந்து ஒரு மில்லியில் 1 மி.கி., 5 மி.கி. என இரண்டு செறிவில் கிடைக்கும். தவறு நேர்வது இங்கேதான். 5 மி.கி. வகையில் 1.2 மில்லி போதும், இரண்டு மூக்கிலும் பாதிப் பாதி. 1 மி.கி. வகை என்றால் 6 மில்லி விட வேண்டும். அவ்வளவும் மூக்கில் தங்காது, தொண்டைக்குள் வழியும். சிரிஞ்சின் நுனியில் பொருத்தும் தெளிப்பான் கிடைத்தால் நல்லது, மருந்து பனிபோல் பரவி சீக்கிரம் ரத்தத்தில் சேரும். ஊசியைக் கழற்றிவிட்டுத்தான் விட வேண்டும் என்பதைப் பதற்றத்தில் மறந்துவிடாதீர்கள்.

அது இல்லாவிட்டால் ஆசனவாயில் டயஸிபாம், கிலோவுக்கு 1 மி.கி. இரண்டு மில்லி ஆம்பூல் ஒன்றில் 10 மி.கி. இருக்கும், ஆக 30 கிலோவுக்கு மூன்று. நாய் ஏற்கெனவே பினோபார்பிடோனில் இருந்தால் டாக்டர் கூட்டிச் சொல்வார், ஏனென்றால் கல்லீரல் இதையும் வேகமாகக் கரைக்கும். சிரிஞ்சு நுனியில் மெல்லிய ரப்பர் குழாய் மாட்டி, ஒன்றிரண்டு அங்குலம் உள்ளே செலுத்தி விடுங்கள். முன்கூட்டியே சிரிஞ்சில் ஏற்றி வைக்காதீர்கள். டயஸிபாம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும்; நாளாக ஆக வீரியம் குறைந்துவிடும். கண்ணாடி ஆம்பூலாகவே, வெளிச்சம் படாமல் வையுங்கள். நாட்டுமருந்துக் கடை வசம்பைத் தேனில் குழைத்து வாயில் தடவுவதெல்லாம் இந்த நேரத்தில் மூச்சுக்குழலை அடைக்கத்தான் உதவும்.

மருந்து விட்டும் சில நிமிடங்களில் நிற்காவிட்டால், அடுத்த டோஸை யோசிக்கும்போதே வண்டியை எடுங்கள்.

பொமரேனியன், ஐந்து குட்டி போட்டு மூன்று வாரம் ஆகிறது. நேற்றிலிருந்து மூச்சிரைப்பு, நடுக்கம், கால்கள் விறைக்கின்றன. ஆனால் கூப்பிட்டால் பார்க்கிறது. கர்ப்பத்தில் கால்சியம் சிரப் தவறாமல் கொடுத்தோமே? – ஈரோடு வாசகி

இதைப் படிக்கும்வரைகூடக் காத்திருக்காத நோய் இது என்பதால், அலுவலகத்திலிருந்து உங்களுக்கு முன்பே தகவல் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக எழுதுகிறோம். பாலில் கால்சியம் போய்விடுவதால் வரும் இழுப்பு இது. சிறு இனங்களில், குட்டி போட்ட இரண்டாவது வாரத்திலிருந்து நாலாவது வாரத்துக்குள் அதிகம். சுயநினைவு இருக்கும்போதே விறைப்பதுதான் அடையாளம். குட்டிகளை உடனே பிரித்து, தாயை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே கால்சியம் குளுக்கோனேட்டை நரம்பில் மெல்ல ஏற்றுவார்கள். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும், எனவே வீட்டில் யாரும் ஊசி போட முயல வேண்டாம்.

சிரப்பைப் பற்றி: கர்ப்ப காலத்தில் கால்சியத்தை அள்ளிக் கொடுத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும் சுரப்பி சோம்பிவிடும். குட்டி போட்டதும் தேவை எகிறும்போது அதனால் ஈடுகொடுக்க முடியாது. கர்ப்பத்தில் நல்ல குட்டிநாய் உணவே போதும், சிரப் தேவைப்படுவது பால் கொடுக்கும் காலத்துக்குத்தான். குட்டிகளுக்கு ஒரு நாளாவது குட்டிநாய்ப் பால்பவுடர் கரைத்துக் கொடுங்கள். பசும்பால் நாய்ப்பாலைவிட நீர்த்தது.

தெருவிலிருந்து எடுத்த மூன்று மாதக் குட்டி. மூக்கிலும் கண்ணிலும் சீழ், காய்ச்சல். இப்போது சூயிங்கம் மெல்வதுபோல் தாடை ஆடுகிறது. – நாகர்கோவில் வாசகர்

பெரும்பாலும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய். தாடை வெட்டு அதன் நன்கு அறியப்பட்ட குறி. தூங்கும்போதும் கால் அல்லது நெற்றித்தசை சீராகத் துடித்தால் இன்னும் உறுதி. வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. வலிப்பைக் கட்டுப்படுத்தி, சாப்பாடு இறங்கவைத்துப் பார்ப்பதுதான் சிகிச்சை. சில குட்டிகள் பிழைத்துத் துடிப்போடு வாழும். வீட்டில் வேறு நாய்களுக்கு ஊசி போட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஆனால் தடுப்பூசி வரலாறு தெரியாத குட்டி, வலிப்பு, எச்சில் ஒழுகல் மூன்றும் சேரும்போது வெறிநோயையும் நினைவில் வைக்க வேண்டும். அதன் எச்சில் உங்கள் கையில் உள்ள கீறலில் பட்டிருந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். குட்டியின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வலிப்புள்ள நாய்க்கு உண்ணி மாத்திரை கொடுக்கலாமா? தேங்காய் எண்ணெய் நல்லது என்கிறார்களே? – தஞ்சாவூர் வாசகர்

நெக்ஸ்கார்ட், பிராவெக்டோ, சிம்பாரிக்கா மூன்றும் ஒரே குடும்பம். இவற்றால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. வலிப்பு வரலாறு உள்ள நாய்க்கு வேறு வகை சொட்டுமருந்தையோ கழுத்துப்பட்டையையோ டாக்டரிடம் கேளுங்கள். உண்ணியை அப்படியே விட்டுவிடுவதும் வழியல்ல. உண்ணிக் காய்ச்சலே மூளையைத் தாக்கக்கூடும்.

வலிப்புக்கு ஓரளவு உதவுவதாகக் கண்டது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது சிறு பங்குதான், பெரும்பகுதி லாரிக் அமிலம். ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினால் கணைய அழற்சிதான் மிஞ்சும், புரோமைடு சாப்பிடும் நாய்க்கு இன்னும் எளிதில்.

எங்கள் வலிப்பு நாய் மாத்திரையில் நன்றாக இருக்கிறது. ஜோடி சேர்க்கலாமா? – சேலம் வாசகர்

வேண்டாம், காக்காய் வலிப்பு பரம்பரைச் சாயல் உள்ளது. பெண் நாயென்றால் கருத்தடையும் செய்துவிடுங்கள்; சில பெண் நாய்களுக்குப் பருவத்துக்கு வரும் நாட்களை ஒட்டியே வலிப்பு கூடுகிறது. மயக்க மருந்து கொடுக்குமுன் என்ன மாத்திரை, எத்தனை மி.கி. என்று எழுதிக் கொடுங்கள். அறுவைசிகிச்சை நாளன்று காலை வெறும் வயிறுதான் என்றாலும், வலிப்பு மாத்திரையை மட்டும் சிறு உருண்டையில் வைத்துக் கொடுக்கலாமா என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.